மலை பார்க்கப் போய் மங்கு பார்த்து வந்தோம்

பள்ளி விடுமுறை விட்டதும் எங்கள் வீட்டில் ஒரு சிறு போராட்டம் தொடங்கிவிட்டது. மூன்றாம் படிவத்தில் படிக்கும் என் பெரியவளுக்குச் சித்திரப் பைத்தியம். "அப்பா, இந்தத் தடவை மலையூருக்குப் போகணும். வெறும் மலை மட்டும் போதாது. படம் வரையறவங்க, மண்பாண்டம் செய்யறவங்க, அந்த மாதிரி ஆளுங்க இருக்கிற ஊரா இருக்கணும்" என்று நிபந்தனை போட்டாள். சின்னவனுக்கு ரயில் இருந்தால் போதும். என் மனைவிக்கோ மூன்று நாள் அடுப்படிப் பக்கம் போகாமல் இருந்தால் அதுவே கைலாசம்.

எனக்குக் கேமரன் மலை ஞாபகம்தான் வந்தது. ஆனால் தாப்பாவிலிருந்து மேலே ஏறும் அந்த வளைவுகளை அம்மா தாங்கமாட்டாள். வயது 76. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அவளைத் தனியாக விட்டுப் போகவும் மனமில்லை. தோட்டம் கை மாறி, கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்து, லயத்தையும் இடித்த பிறகு, அம்மாவைக் குளுவாங் டவுனுக்கு எங்களோடு கூட்டி வந்து ஆறு வருஷமாகிறது. வந்த நாளிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "நான் எங்கடா வர்றது. நீங்க போயிட்டு வாங்க."

இந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும், "இங்கேயே வாங்கண்ணே. மலையும் இருக்கு, மண்பாண்டமும் இருக்கு" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிங்கப்பூரில் மிக உயரமான இடம் புக்கிட் தீமா. அதன் உயரம் 163 மீட்டர் சொச்சம். கேமரன் பக்கத்துப் பிரிஞ்சாங் சிகரமோ 2,000 மீட்டருக்கு மேல். "உங்க ஊர் மலை மேல ஏறி நின்னா எங்க ஊர் தென்னை மரத்து உச்சி தெரியுமா?" என்று கேட்டேன். "வந்து பார்த்துட்டுப் பேசுங்க" என்று வைத்துவிட்டாள். மகள் வீடு என்றதும் அம்மாவும் மறுபேச்சில்லாமல் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜொகூர் பாரு வந்து, பாலத்தைக் கடந்து, இரண்டு பக்கமும் வரிசையில் நின்று, கிராஞ்சி நிலையத்துக்கு வருவதற்குள் பாதி நாள் போய்விட்டது. பாலம் தாண்டும் வேதனையை இங்கே எழுதப் போவதில்லை. போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்களைப் பயமுறுத்துவானேன்! கிராஞ்சியிலிருந்து ரயிலேறினால் இரண்டாவது நிலையம் சுவா சூ காங். 1990ல் ரயில் வந்த காலத்தில்தான் அடுக்குமாடி வீடுகளும் மளமளவென்று எழும்பின என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த நிலையத்திலிருந்தே புக்கிட் பாஞ்சாங்குக்கு ஒரு குட்டி ரயில் போகிறது. 1999ல் ஓடத் தொடங்கியது, சிங்கப்பூரில் அந்த வகையில் அதுதான் முதல். வீடுகளை ஒட்டிப் போகும் இடங்களில் பிறர் வீட்டுக்குள் பார்வை போகாதபடி, அந்த முதல் ரயில்களின் கண்ணாடி தானாகவே மங்கிவிடுமாம். சின்னவன் அதில் மூன்று தடவை சுற்றி வந்தான். அவன் விடுமுறை அத்தோடு பூர்த்தியாகிவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது ஊர்ப் பெயருக்கு அர்த்தம் கேட்டாள் பெரியவள். மாப்பிள்ளை விவரம் தெரிந்தவர். 19ஆம் நூற்றாண்டில் சீனர்கள் ஆற்றோரக் காடுகளை வெட்டிக் காசுக்கட்டியும் மிளகும் பயிரிட்டார்கள். ஆற்றங்கரைத் தோட்டத்துக்குத் தலைவனாக இருந்தவனைக் 'காங் சூ' என்பார்கள். அவன் ஆண்ட இடம் 'சூ காங்'. 'சுவா' என்பது குலப் பெயர். காசுக்கட்டி இலையைப் பெரிய கொப்பரைகளில் காய்ச்சுவார்கள், சாறெடுத்த சக்கையை மிளகுக் கொடிக்கு எருவாகப் போடுவார்கள். காய்ச்சக் காய்ச்ச விறகு வேண்டும், விறகுக்காகக் காடு அழியும், பதினைந்து இருபது வருஷத்தில் மண்ணும் சத்திழந்துவிடும். உடனே அடுத்த காட்டுக்கு நகர்வார்கள்.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இதுவும் தோட்டந்தானா?" என்றாள். "ஆமாத்தே, முதல்ல காசுக்கட்டி, அப்புறம் கித்தா, தென்னை" என்றார் மாப்பிள்ளை. அம்மா பன்னிரண்டாம் மாடி ஜன்னல் வழியாக விளக்கு வரிசைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பசியாறிவிட்டுத் தங்கை சொன்ன 'மலை'க்குப் புறப்பட்டோம். ரயிலில் அடுத்த நிலையம் புக்கிட் கோம்பாக். இறங்கிச் சற்று தூரம் நடந்தால் 'குட்டி குயிலின்' என்று மக்கள் அழைக்கும் பூங்கா வருகிறது. உண்மையான குயிலின் சீனாவின் குவாங்சி மாநிலத்தில் இருக்கிறது. ஆற்றோரம் விரல் விரலாக நிற்கும் மலைகள், அவற்றைக் காலம் காலமாக மைத்தூரிகையால் வரைந்து வரும் ஓவியர்கள் என்று பேர்போன ஊர். இங்கே இருப்பதோ பழைய கருங்கல் குவாரி. கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. வெட்டாமல் விட்ட பாறைகள் நடுவில் செங்குத்தாக நிற்கின்றன. முதலில் பள்ளத்தைத் தூர்த்துச் சாலை போடுவதாகத்தான் திட்டமாம். வீடமைப்புக் கழகத்தார் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான இடத்தை மூடுவானேன் என்று 1980களில் பூங்காவாக ஆக்கிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் பெயர் கொஞ்சம் அதிகப்படிதான். குயிலின் மலைகளைச் செதுக்கியது மழையும் ஆறும், அவை சுண்ணாம்புக்கல். இங்கே செதுக்கியது வெடிமருந்தும் கூலியாட்களின் கைகளும். ஆனால் காலை வெயில் பாறையில் பட்டுத் தண்ணீரில் நிழல் விழுந்தபோது என் கேலியை நானே விழுங்கிக்கொண்டேன். பெரியவள் படக்கட்டையை விரித்து உட்கார்ந்தவள் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. சற்றுத் தள்ளி ஒரு சீனப் பெரியவரும் சாயம் குழைத்துக்கொண்டிருந்தார். கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி படமெடுக்க வந்து நின்றது. அம்மா நிழலில் உட்கார்ந்து, "இத்தனை கல்லும் எங்க போயிருக்கும்?" என்று கேட்டாள். சாலைக்கும் கட்டடத்துக்கும் போயிருக்கும் என்றேன். "பள்ளத்தைப் பார்க்கத்தான் ஆளுங்க வர்றாங்க" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் மண்பாண்டம். சுவா சூ காங்கிலிருந்து பழைய சுவா சூ காங் சாலை வழியாக ஜாலான் பஹாருக்குப் போக வேண்டும். கட்டடங்கள் குறைந்து மரங்கள் அடர்ந்து வருகின்றன. வழியில் பெரிய மயானம். சிங்கப்பூரில் இன்னும் புதைப்பதற்குத் திறந்திருப்பது இது ஒன்றுதான். அதிலும் 1998 முதல் ஒரு குழிக்குப் பதினைந்து வருஷம்தான் தவணை. பிறகு எலும்பை எடுத்துவிடுவார்கள். "செத்தவனுக்கும் குத்தகையா!" என்றாள் அம்மா. இடமில்லாத நாடு, என்ன செய்வது என்று மாப்பிள்ளை சமாதானம் சொன்னார்.

ஜாலான் பஹாரிலிருந்து பிரியும் லோரோங் தாவாஸ் என்ற சின்னப் பாதையில் திரும்பியதும் எனக்கு நம் தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் செடிகொடி, ஈர வாசனை, கொசு. (போகிறவர்கள் கொசு எண்ணெயை மறக்காதீர்கள்.) அங்கேதான் சிங்கப்பூரில் கடைசியாக எஞ்சியிருக்கும் இரண்டு 'நாகச் சூளை'கள் இருக்கின்றன. ஒன்று தௌ குவாங், 1940ல் கட்டியது. மற்றது குவான் ஹுவாட், 1958ல் கட்டியது. நாங்கள் நுழைந்தது முதலாவதில்.

நாகச் சூளை என்பதை நம் குயவர் சூளையோடு ஒப்பிடக் கூடாது. மேட்டுச் சரிவில் செங்கல்லால் கட்டிய நீண்ட குகை அது. கீழே தலை, அங்கேதான் தீ மூட்டும் வாய். மேலே வால், அங்கே புகைபோக்கி. மூட்டிய தீ சரிவைப் பிடித்துக்கொண்டு தானாகவே மேலே ஓடுகிறது. மலைச் சரிவே காற்றை இழுக்கும் துருத்தியாகிவிடுகிறது. பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். கீழிருந்து மேலாக ஒவ்வொரு துளையிலும் விறகு போட்டுச் சூட்டை ஏற்றுகிறார்கள். சூடு 1,200 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் விறகுச் சாம்பல் பறந்து பானைமேல் விழுந்து உருகிக் கண்ணாடிபோலப் படிந்துவிடும். எந்தப் பானையில் எப்படிப் படியும் என்று சூளைக்காரருக்கே தெரியாது. இந்த நிச்சயமில்லாத அழகைத் தேடித்தான் இன்று கலைஞர்கள் இங்கே வருகிறார்கள். ஒருநாளுக்கு மேல் இரவும் பகலும் எரித்து, பல நாள் ஆறவிட்டு, பிறகுதான் வாயைப் பிரிப்பார்களாம். அதனால் வருஷத்தில் ஒருசில தடவைதான் மூட்டுகிறார்கள்.

நாங்கள் போன நாள் சூளை ஆறிக் கிடந்தது. குனிந்து உள்ளே போனோம். சுவரெல்லாம் கருத்துப் பளபளத்தது. அத்தனை வருஷத்துச் சாம்பலும் உருகிப் பூசிய மெருகு. சின்னவன் காலடியால் அளந்தான், ஐம்பது எட்டுக்குக் குறையவில்லை. பெரியவள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கேமரன் மலையை அவள் மறந்து வெகுநேரமாகிவிட்டிருந்தது.

வெளியே கொட்டகை முழுக்கப் பாண்டங்கள். ஆளுயர ஜாடிகள், டிராகன் போட்ட தண்ணீர்ச் சால்கள், ஓர்க்கிட் தொட்டிகள், சீனத்துப் பீங்கான் தட்டுகள், எல்லாம் தரையிலிருந்து கூரை வரை. ஒரு மூலையில் பலகைமேல் சின்னச் சின்னப் பழுப்புக் கிண்ணங்கள் சில கவிழ்ந்திருந்தன. பக்கத்தில் ஒன்றை நிமிர்த்தி வைத்து அதில் ஒரு சின்னச் செடி நட்டிருந்தார்கள். "அப்பா, இது எவ்வளவு அழகா இருக்கு! என் மேசைக்கு வாங்கலாம்" என்று பெரியவள் கையில் எடுத்தாள்.

அம்மா அதை அவள் கையிலிருந்து வாங்கினாள். இடக்கையில் ஏந்தி, வலக்கைப் பெருவிரலால் உட்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றி வழித்தாள். வழிக்க ஒன்றுமில்லை, கிண்ணம் காலிதான். ஆனால் விரல் தன்பாட்டுக்கு வழித்தது.

"மங்குடா இது," என்றாள்.

அப்போதுதான் எனக்கும் பட்டது. பால் மரத்தில் கம்பி வளையத்தில் தொங்குமே, அதே மங்கு. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் கண்ணாடி மங்கும் பிளாஸ்டிக் மங்கும் வந்துவிட்டன. மண் மங்கு ஒன்றிரண்டு கிடக்கும், நாங்கள் அதில் மண்சோறு ஆக்கி விளையாடுவோம்.

பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த ஒரு வயதான சீனரிடம் அம்மா நேரே போனாள். ஆறு வருஷமாக அறையைவிட்டு வர மறுத்தவள், யாரும் துணைக்கு வராமல், தோட்டத்து மலாயில் கேட்டாள்: "தவுக்கே, இனி மங்கோக் கெத்தா, காண்?"

அவர் முகம் மலர்ந்தது. "பெத்துல், பெத்துல். டுலு பஞ்ஞாக்!" என்றார். ஆமாம், முன்பு நிறையச் செய்தோம் என்று அர்த்தம். கையால் அடுக்கு அடுக்காகக் காட்டினார்.

பிறகு மாப்பிள்ளை வழியாக விவரம் தெரிந்துகொண்டோம். இந்த ஜூரோங் பக்கத்தில் பாண்டத்துக்கு ஏற்ற வெள்ளைக் களிமண் கிடைத்தது. அதனால் சீனக் குயவர்கள் வந்து சூளை போட்டார்கள். அந்தக் காலத்தில் இந்தச் சூளைக்குச் சோறு போட்டதே கித்தாத் தோட்டங்களின் மங்குதான். தண்ணீர்ச் சாலும் பூந்தொட்டியும் கூடவே சுட்டார்கள். 1965ல் டான் கின் சே என்பவர் இதை வாங்கினார். இன்று அவருடைய குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை வரை வந்துவிட்டது. உட்புறம் மெருகு பூசியிருந்தால்தான் உறைந்த பால் ஒட்டாமல் உரிந்து வரும். சிரட்டையில் அது நடக்காது. வாசகர்களே, சிங்கப்பூருக்கும் கித்தாவுக்கும் உள்ள உறவு இதற்கும் முந்தியது. 1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் வந்து இறங்கியது சிங்கப்பூரில்தான். 1888ல் இங்கே பூமலைத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, போகிற வருகிற முதலாளிகளிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச் சொன்னார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று சிரித்தார்கள். பிறகு அதே மரத்துக்காகத்தான் நம் பாட்டன் பூட்டன்கள் கப்பலேறினார்கள்.

நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மங்கு மடியில் இருந்தது. பெரியவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

"எனக்கு அப்ப பதினோரு வயசு," என்று பேத்தியிடம் சொல்லத் தொடங்கினாள். என்னிடம் அவள் இதைச் சொன்னதில்லை. "நாலாவது படிச்சேன். புது வெட்டு திறந்தாங்க. பள்ளிக்கூடம் லீவு. மரத்துக்கு மரம் மங்கு கட்ட எங்கம்மாவுக்கு ஒத்தாசைக்குப் போனேன். கூடை நிறைய மங்கு. ராத்திரி மழை. மேட்டுல வழுக்கிட்டேன். நாப்பது மங்குக்கு மேல போச்சு. கையில வெட்டு, இதோ பாரு." உள்ளங்கையை விரித்தாள். அந்தத் தழும்பு கத்தி பட்டது என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"மண்டோர் உடைஞ்சதை எண்ணினாரு. ஒண்ணொண்ணா எடுத்து வெச்சு எண்ணினாரு. அந்த மாசம் சம்பளத்துல பிடிப்பு. எங்கப்பாவுக்கோ காய்ச்சல், வேலைக்கு ரெண்டு வாரம் போகலை. வீட்டுல அரிசி இல்லை. 'பொண்ணை ரெண்டு மாசம் நிரைக்கு அனுப்பு, கழிஞ்சிடும்'னு மண்டோர் சொன்னாரு. சரின்னு போனேன். அந்த ரெண்டு மாசம் நாப்பத்தி நாலு வருஷமாயிடுச்சு."

"மறுபடி பள்ளிக்கூடம் போகலையா பாட்டி?"

"புத்தகத்தை எங்க டீச்சர் லயத்துக்கே வந்து வாங்கிட்டுப் போனாரு. அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கணும்ல."

யாரும் பேசவில்லை. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொட்டகைக்கு வெளியே சேவல் கூவியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரியவள்தான் எழுந்து, பணப்பையை எடுக்கப் போனாள். "பாட்டி, இதை உங்களுக்கு நான் வாங்கித் தரேன். என் சொந்தக் காசு."

அம்மா மங்கைப் பலகைமேல், மற்றவற்றைப் போலவே கவிழ்த்து வைத்தாள். "வேணாம்மா. இதுக்கு நான் அப்பவே காசு கட்டிட்டேன்."

அப்புறம் அவளே எழுந்து அந்தப் பெரியவரோடு சூளை வாய்ப் பக்கம் போய், உள்ளே எட்டிப் பார்த்து, விறகு எங்கிருந்து வருகிறது, எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்றெல்லாம் மலாயில் விசாரித்தாள். திரும்பி வந்து, "பாவம், குனிஞ்சு குனிஞ்சு அடுக்கிருக்காங்கடா. நம்ம மாதிரியே முதுகு போயிருக்கும்" என்றாள்.

இந்த நிலமும் குத்தகை நிலந்தான். பக்கத்திலேயே 2010ல் தூய தொழில்நுட்பப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கிக் கட்டடங்கள் எழுப்பியிருக்கிறார்கள். அந்தத் திட்டம் பேச்சில் இருந்த காலத்திலேயே சூளைகள் போய்விடும் என்று கலைஞர்களும் பழமை விரும்பிகளும் பதறினார்கள். குத்தகையை நீட்டிக் கொடுத்ததால் நிற்கின்றன. அம்மாவிடம் சொன்னேன். "நம்ம லயத்துக்கு யாரும் பதறலையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ விலைவாசி விசாரிப்பதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. லயத்தை இடித்த அன்று நான் லாரி பேசுவதில்தான் குறியாக இருந்தேன். ஒரு மங்கைக்கூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

அங்கே வருகிறவர்களுக்குக் களிமண் பிசையவும் கற்றுத் தருகிறார்கள். போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துப் போவது நல்லது. குடும்பமாக உட்கார்ந்தோம். சின்னவன் செய்தது ரயிலா முதலையா என்று கடைசிவரை தெரியவில்லை. நான் செய்த சாம்பல் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே மரியாதை. அம்மா முதலில் கையைக் கழுவிவிட்டு ஓரமாக இருந்தாள். பிறகு பேத்தி வற்புறுத்த, ஒரு உருண்டையை வாங்கி, பெருவிரலை நடுவில் அழுத்திச் சுழற்றிச் சுழற்றி, பத்தே நிமிஷத்தில் ஒரு கிண்ணத்தை எழுப்பிவிட்டாள். ஓரத்தில் லேசாகக் கிள்ளி ஒரு மூக்கும் வைத்தாள். கற்றுக்கொடுத்த பெண், இதற்கு முன் மண்வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டாள். தங்கை மொழிபெயர்த்தாள். அம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

காய்ந்து, சுட்டு எடுக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். தங்கை வாங்கி வைக்கிறேன் என்றாள். மறுநாள் திரும்பும் வழியில் தேக்காவில் இறங்கி வெற்றிலையும் இரண்டு சேலையும் வாங்கினோம். பாலத்தில் அதே வரிசை, அதே வேர்வை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "அடுத்த லீவுக்கு அந்த வளைஞ்சு வளைஞ்சு போற மலைக்குத்தான் போவமே. வாந்தி வந்தா வந்துட்டுப் போவுது" என்றாள்.

தீபாவளிக்குத் தங்கை வந்தபோது துணியில் சுற்றிக் கிண்ணத்தைக் கொண்டு வந்தாள். சுட்டதில் ஒரு பக்கம் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்திருந்தது. பால் ஊற்றினால் கசியும். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பெருவிரலால் ஒரு சுற்று வழித்தாள். இப்போது அதில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொள்கிறாள்.